தனுஜா பிடுங்கிய மூன்று கொம்பு

பிடுங்கினாள்தான். இல்லை என்று யார் சொன்னது? நட்டு மண் காயாத வேலிக்கொம்பு மூன்றை என் மருமகள் தனுஜா பட்டப்பகலில், பார்க்கிறவர்கள் எல்லாரும் பார்க்க, அசைத்து அசைத்துப் பிடுங்கினாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் குடத்தை வைத்துக்கொண்டு அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அதுவரைக்கும் சரியாகத்தான் சொல்கிறார்கள். பிடுங்கின கொம்பை எந்தப் பக்கம் கொண்டுபோய் நட்டாள் என்று கேட்டால் மட்டும் குனிந்து தண்ணீர் பிடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அடுத்தவன் காணியைத் தின்னப் பார்த்தாளாம். மேல்வீட்டுக் கணேசமூர்த்தி ஒரு அதட்டுப் போட்டதும் பயந்து பிடுங்கிவிட்டாளாம். அந்த வெட்கத்தில்தான் பிள்ளைகளையும் கிழவியையும் விட்டுவிட்டுக் கண்டிப் பக்கம் ஓடிப்போனாளாம். ஓடிப்போகிறவள் வாசலில் நின்று, காலையில் எந்த மாத்திரை, சோற்றுக்குப் பிறகு எந்த மாத்திரை என்று மாமியாருக்குக் காட்டிவிட்டா போவாள்? நடந்ததை நான் சொல்கிறேன். கேட்டுவிட்டுப் பேசட்டும்.

தனுஜாவுக்குப் பிறந்த இடம் பொகவந்தலாவை. என் மகன் அழகனைக் கட்டிக்கொண்டு லிந்துலைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது நாங்கள் லயத்து வரிசை வீட்டில் ஒரே அறை, ஒற்றைக் காம்பராவில் இருந்தோம். அழகன் கொழும்பில் ஹாட்வெயார் கடையில் நிற்கிறான். தீபாவளிக்கும் சித்திரைக்கும்தான் வீட்டுக்கு வருவான். ஆகவே அவள் குடித்தனம் நடத்தியது பெரும்பாலும் என்னோடுதான். எனக்கு வாய் அதிகம். அவளுக்கு வாய் குறைவு, பிடிவாதம் அதிகம். இரண்டும் ஒரே காம்பராவுக்குள் எப்படியோ இருந்து பழகிவிட்டது.

அவள் தேயிலைக் கொழுந்து எடுக்க வந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மலையில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை கொடுப்பார்கள். அந்த நிரைக்கு உள்ள செடிகளில் அவள் கைதான் படவேண்டும். நடுவில் கயிறு இல்லை, கோடு இல்லை, ஆனால் அடுத்தவள் நிரையில் கை போனால் அன்றைக்குச் சண்டைதான். ஒருநாள் மூட்டம் இறங்கி முன்னால் நிற்கிற ஆளே தெரியாத நேரத்தில், இவள் தெரியாமல் நாகலெட்சுமியின் நிரைக்குள் புகுந்து எடுத்துவிட்டாள். நாகலெட்சுமிக்கே அது தெரியாது. மூட்டம் விலகியதும் இவள் தன் முதுகுப் பையை இறக்கி, இரண்டு கையாலும் கொழுந்தை அள்ளி, நாகலெட்சுமியின் பையில் கொண்டுபோய்ப் போட்டாள். கங்காணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஏம்மா, கொழுந்துல அவ பேரா எழுதியிருக்கு?”

“பேரு இல்லீங்க. எங்க எடுத்தேன்னு எனக்குத் தெரியும்ல.”

மலையே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சிரித்தேன். அந்த நாகலெட்சுமிதான் கணேசமூர்த்தியின் பெண்சாதி. இன்றைக்கு எங்கள் மேல்வீட்டுக்காரி.

இரண்டாவது பிள்ளை பால் மறந்த பிறகு தனுஜாவைப் பிள்ளைமடுவத்துக்குக் கூப்பிட்டார்கள். வேலைக்குப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. மற்ற இடங்களில் பிள்ளைகள் காலையில் தாயைப் பார்த்து அழும். இங்கே சாயங்காலம் இவளை விட்டுப் போகும்போது அழும். இதை நான் என் மருமகள் என்பதற்காகச் சொல்லவில்லை. போய்ப் பார்க்கலாம்.

அப்புறம் லயத்தை விட்டுத் தனி வீடு கிடைத்தது. பழைய தேயிலை மலையைச் சரித்து, ஆளுக்கு ஏழு பேர்ச் நிலம் என்று அளந்து, படிப்படியாக வீடு கட்டித் தந்தார்கள். அளந்த அன்றைக்கு மூலைக்கு மூலை கட்டை அடித்தார்கள். கொண்டுவந்த கட்டைகள் போதவில்லை. நிழல் மரம் வெட்டின இடத்தில் கிடந்த கொம்புகளை எங்கள் ஆட்களே சீவிக் கொடுத்தார்கள். எல்லாவற்றின் தலையிலும் சிவப்புப் பெயிண்டைத் தடவி அடித்துவிட்டுப் போனார்கள். காணி உறுதிப் பத்திரம் பின்னால் வரும் என்றார்கள். இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை ஆள் உயரத்துக்கு ஒரு மண்மேடு. மேட்டுக்கு மேலே கணேசமூர்த்தியின் வீடு. மேட்டுக்குக் கீழே, எங்கள் அடுப்படிக்குப் பின்னால், பழைய தேயிலை மலையின் கான் ஒன்று மழைத்தண்ணீரை வளைந்து வளைந்து கொண்டுபோகும். கணேசமூர்த்தி நல்ல உழைப்பாளி, அதையும் சொல்லவேண்டும். தேயிலைப் பெக்டரி வேலை முடிந்து வந்தால் மண்வெட்டியோடுதான் நிற்பான். மேட்டின் விளிம்புவரைக்கும் லீக்ஸ் பாத்தி போட்டான். ஒவ்வொரு போகத்துக்கும் பாத்தி ஒரு சாண் முன்னால் வரும். மேடு ஒரு சாண் மெலியும்.

போன கார்த்திகை மழையை யாரும் மறக்கமாட்டார்கள். எங்கெங்கோ மலையே இறங்கின மழை. எங்களுக்கு இறங்கியது அந்த மேட்டின் கிழக்கு மூலை மட்டும்தான். மத்தியானச் சோற்றுக்கு எல்லாரும் முன்னறையில் இருந்தோம். பின்னால் மூட்டை சரிகிற மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் அடுப்படி ஜன்னலை மண் மூடியிருக்கிறது. சேறும், வேரும், லீக்ஸும். அடுப்பு மேடையில் சின்னவளின் பால் போத்தல் இருந்த இடம் தெரியவில்லை.

அன்றிலிருந்து நாலு தூறல் விழுந்தாலும் தனுஜா பின்கதவைத் திறந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பாள்.

மழை விட்டதும் கணேசமூர்த்தியிடம் போய்ப் பணிவாகத்தான் கேட்டாள். மேட்டைக் கொத்தவேண்டாம், மேட்டின் தலையோடு ஒரு வேலி போட்டு, சரிவில் மானாப்புல் நட்டு விடலாம், புல் வேர் பிடித்தால் மண் நிற்கும் என்றாள். அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான்.

“மேடு என்னோடது. நான் கொத்துவேன், கொத்தாம இருப்பேன். மலையில எது எல்ல? கானுதானே. இங்கயும் கானுதான்.”

“கானு வளைஞ்சு போகுதுண்ணே. கட்ட அடிச்சது நேரா.”

“அப்ப அந்தக் கட்டையக் காட்டு பாப்போம்.”

அதுதான் வினை. மேற்கு மூலைக் கட்டை நடைபாதை ஓரத்தில் கல்லுப் போல இருக்கிறது. கிழக்கு மூலைக் கட்டையைக் காணவில்லை. அவனும் தேடினான், இவளும் தேடினாள். அவன் தேடி முடித்துவிட்டு, இவள்தான் பிடுங்கி அடுப்பில் வைத்திருப்பாள் என்று நாலு பேரிடம் சொன்னான். கேட்டவர்களுக்கும் அது பொருத்தமாகத்தான் பட்டது. காலம் காலமாகக் கானைப் பார்த்துத்தான் எங்கள் ஆட்கள் மலை பிரித்திருக்கிறார்கள். இந்தக் கான்வரைக்கும் உனக்கு, அந்தக் கானிலிருந்து அவளுக்கு என்று கேட்டே வளர்ந்தவர்கள். வீட்டுக் காணிக்கும் கானே எல்லை என்றால் தலையை ஆட்டிவிடுவார்கள்.

தோட்டத்துத் தலைவர் வந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். மேட்டை நடுவில் பிரித்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்ளுங்கள் என்று சுலபமாகச் சொன்னார். முழு மேடும் எங்களுக்குத்தான் என்று நான் கத்தினேன். தனுஜா என்னையும் அடக்கினாள், அவரையும் அடக்கினாள்.

“பிச்சுக் குடுக்க இது ரொட்டி இல்லீங்க தலைவரே. எல்ல எங்க இருக்கோ அங்க இருக்கட்டும்.”

“எங்க இருக்குன்னுதானம்மா தெரியல.”

“தெரியிறப்ப தெரியட்டும். அதுவரைக்கும் மேட்டக் கொத்த வேணாம்னு சொல்லுங்க.”

அவர் சொன்னார். கணேசமூர்த்தி ஒரு கிழமை சொல்பேச்சுக் கேட்டான், பிறகு மண்வெட்டியை எடுத்துவிட்டான்.

இதற்கிடையில்தான் தோட்டத்துத் துரை ஆபீஸிலிருந்து அவளுக்கு ஒரு செய்தி வந்தது. பிள்ளைமடுவத்தில் வேலை செய்கிறவர்களில் ஒருத்தியைக் கண்டிக்கு அப்பால் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள், அது தனுஜாதான் என்றார்கள். மாதக்கணக்கில் அங்கேயே தங்கவேண்டும். முடித்துவிட்டு வந்தால் எங்கள் பிள்ளைமடுவம் முழுக்க அவள் பொறுப்பு. லயத்துக் காம்பராவுக்கு வந்த பெண்ணுக்கு இப்படி ஒன்று வருமென்று நான் நினைத்ததில்லை. அவளோ நினைத்திருக்கிறாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

ஆனால் போவது வைகாசியில். எங்கள் பக்கத்துப் பெருமழை தொடங்குவதும் வைகாசியில்தான்.

“மேடு நின்னாத்தான் நான் போவேன் அத்தை,” என்றாள். “ஒங்களையும் புள்ளைங்களையும் அதுக்குக் கீழ விட்டுட்டு அங்க போய் நான் என்னத்தப் படிக்க?”

அழகனுக்குப் போன் பண்ணி, வந்து வேலியைப் போடு என்றேன். சித்திரைக்குத்தான் லீவு தருவார்கள் என்றான். சித்திரைக்குப் பிறகு மானா நட்டால் அது வேர்விடுவதற்குள் மழை வந்துவிடும். ஆகவே குழி போடுகிற அலவாங்கை அவளே எடுத்தாள்.

பிள்ளைமடுவம் முடிந்து வந்து வெளிச்சம் இருக்கும்வரைக்கும் வேலை. ஞாயிற்றுக்கிழமை முழுநாள். கவ்வாத்து வெட்டின மலையிலிருந்து தேயிலைக் குச்சிகளை, மிலாறுகளைக் கட்டுக் கட்டாகத் தலையில் சுமந்து வந்தாள். அது அடுப்புக்கு வைத்திருக்கிற விறகு. நான் முணுமுணுத்தேன், அவள் காதில் வாங்கவில்லை. சவுக்குக் கொம்பைக் கூராகச் சீவி, அலவாங்கால் குழி போட்டு, நட்டு, மிலாறை அடியிலிருந்து குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்டு வந்தாள். மேற்குக் கட்டை இருக்கிற இடத்தில் தொடங்கி மேட்டின் தலையோடு கிழக்கே போனாள். கிழக்கில் கட்டை இல்லாததால், அடித்த அன்றைக்குத் தான் பார்த்த நினைவை வைத்துத்தான் நட்டாள்.

கணேசமூர்த்தி பின்படியில் உட்கார்ந்து சாயத்தண்ணி குடித்துக்கொண்டே பார்த்தான்.

“வேலி போடுறியா, கோழிக்கூடு கட்டுறியா?”

“ஆட்டுக்குத்தாண்ணே,” என்றாள் இவள், தலையைத் தூக்காமல். அவன் ஆடு அப்போது பின்னலுக்குள் மூக்கை விட்டுக்கொண்டிருந்தது.

“நட்டுக்க, நட்டுக்க. அளக்குறவங்க வந்தா ஒன் கையாலயே புடுங்குவ.”

“தப்பா நட்டிருந்தா புடுங்குறேன்.”

இந்தப் பேச்சை ஞாபகம் வைத்துக்கொள்ளவேண்டும். தப்பாக நட்டிருந்தால் பிடுங்குகிறேன் என்று அவள் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

வேலி முக்கால்வாசி ஏறின ஞாயிற்றுக்கிழமை அந்த ஆடு கத்திக்கொண்டே இருந்தது. கணேசமூர்த்தியின் வீட்டுக்குக் கீழே, மேட்டின் கிழக்கு மூலையில் ஒரு முள்முருங்கை நிற்கிறது. தேயிலைக்கு நிழலுக்கு நிற்கிற அதே மரம்தான். எங்கள் மலையில் எங்கே திரும்பினாலும் அதுதான் நிற்கும், யாரும் நின்று பார்ப்பதில்லை. ஆடு கடிக்கிற இலை என்பதால் அவன் தினமும் ஆட்டை அதில்தான் கட்டுவான். அன்றைக்கு ஆடு சுற்றிச் சுற்றி வந்து கயிறு முழுவதும் மரத்தில் சுற்றிக்கொண்டது. கழுத்து இறுகிக் கத்துகிறது. வீட்டில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. தனுஜா அலவாங்கைப் போட்டுவிட்டுப் போய்க் கயிற்றை அவிழ்த்தாள்.

அவிழ்க்கக் குனிந்தவள் நிமிரவே இல்லை. கிளைகளை இரண்டு கையாலும் விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் ஆட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். மருமகளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று நான் மேட்டில் தொற்றி ஏறிப் போனேன். கிளைகள் எல்லாம் பக்கவாட்டில்தான் வெடித்திருந்தன. நடுவில் மரத்துக்குத் தலை இல்லை. கத்தியால் ஒரே வெட்டாக வெட்டின மொட்டை. காய்ந்து வெடித்துப்போன அந்த மொட்டையில், வெடிப்புக்குள்ளே எல்லாம் சிவப்புப் பெயிண்டு.

அளந்த அன்றைக்கு எங்கள் ஆட்கள் சீவிக் கொடுத்த பச்சைக் கொம்பு. முள்முருங்கையை மண்ணில் குத்தினால் பிடித்துவிடும் என்பது எங்கள் தோட்டத்தில் நடக்கப் பழகின பிள்ளைக்கும் தெரியும். அப்படித் தெரிந்த நாங்கள் எல்லாரும் சேர்ந்து செத்த கட்டை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

சிரிப்புச் சத்தம் கேட்டுக் கணேசமூர்த்தி வெளியே வந்தான். நாகலெட்சுமியும் வந்தாள்.

“என்னா, ஆட்டையும் புடிச்சுக்கிட்டீங்களா?” என்றான்.

“அண்ணே, இங்க வாங்க,” என்றாள் தனுஜா. “ஆட்டக் கட்டையில கட்டிப்புட்டு, கட்டையக் காணோம்னு தேடியிருக்கீங்க.”

அவன் வந்து பார்த்தான். மொட்டையைத் தடவினான். விரலைத் திருப்பிப் பார்த்தான். நாகலெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். போகிறபோது தோள் குலுங்கியது.

கான் எல்லை இல்லை என்பது அதோடு முடிந்தது. மேற்கே மேடு முழுக்க எங்கள் பக்கம். எனக்கு அங்கேயே நின்று நாலு வார்த்தை கேட்கவேண்டும் போல இருந்தது. ஆனால் தனுஜா அதற்குள் கயிறு எடுத்து வந்துவிட்டாள். மேற்குக் கட்டையில் ஒரு முனையைக் கட்டி, முள்முருங்கையில் மறுமுனையைக் கட்டி, இழுத்து முறுக்கினாள். கயிறு நேராக நின்றது. அவள் கயிற்றோடு நடந்து வந்தாள். கிழக்கே வந்ததும் நின்றுவிட்டாள்.

கடைசி மூன்று கொம்பும் கயிற்றுக்கு மேலே, ஒரு முழம் கணேசமூர்த்தியின் பக்கம் நின்றன. கயிற்றுப்படி அந்த மூலையில் மேட்டின் தலை அவனுடையதுதான்.

அவன் அதைக் கவனிக்கவில்லை. அவன் இன்னும் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கவனித்தேன். கவனித்துவிட்டு அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

“அவந்தான் வாய மூடிட்டான்ல. பேசாம வா.”

“அவரு மரத்தப் பாத்து வாய மூடுனாரு அத்தை. நான் கயித்தப் பாத்துட்டேனே.”

அப்படிச் சொல்லிவிட்டு மூன்றையும் பிடுங்கினாள். பின்னின மிலாறைப் பிரித்தாள். மூன்று புதுக் குழி போட்டு, எங்கள் பக்கமாக இறக்கி நட்டாள். எதிர் லயத்துப் படிக்கட்டில் இருந்தவர்கள் பார்த்தது இதைத்தான். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குக் கயிறு தெரியாது. கணேசமூர்த்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றது தெரியும். இவள் குனிந்து பிடுங்கியது தெரியும். கதைக்கு அது போதாதா?

அன்றைக்கு முழுக்க நான் அவளோடு பேசவில்லை. இடிந்த மூலையே அந்த மூலைதான். அதையே கொண்டுபோய் அவனுக்குக் கொடுத்துவிட்டாளே, இனி மேடு எப்படி நிற்கும், இவள் எப்படிப் பயிற்சிக்குப் போவாள் என்று அடுப்படியில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தேன். அவள் கையைக் கழுவிவிட்டு நேராக மேல்வீட்டுக்குப் போனாள். நான் பின்கதவில் நின்று கேட்டேன்.

“இந்த மூலையில மேடு ஒங்களோடதுண்ணே. மண்ணும் ஒங்களோடது. அது எங்க அடுப்படிக்கு வந்துச்சுன்னா, நான் கூடையில அள்ளிட்டு வந்து ஒங்க வாசல்ல கொட்டணும். அது ஒங்க மண்ணுல்ல.”

நாகலெட்சுமியின் குரல்தான் கேட்டது.

“கொட்டுவா. இவ கொட்டுவா. எனக்குத் தெரியும்.”

மறுநாள் விடிந்து பார்த்தால் கணேசமூர்த்தி விளிம்பு ஓரத்து லீக்ஸைப் பிடுங்கிக்கொண்டிருந்தான், முற்றாத லீக்ஸ். பாத்தியை மூடி, மண்ணை மிதித்துவிட்டான். அந்தக் கிழமை முழுக்க நாகலெட்சுமி மேலேயிருந்தும் தனுஜா கீழேயிருந்தும் மானாத் தூர்களை நட்டுக்கொண்டே வந்தார்கள். நடுவில் கை சந்தித்த இடத்தில் யார் தூர் யாருடையது என்று இப்போது தெரியாது. சித்திரைக்கு வந்த அழகன் வேலியைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, கொழும்பில் கூட இப்படி அடிக்கமாட்டார்கள் என்றான். பெண்சாதியைப் புகழ்கிறான் என்று நினைத்தேன். நானும் ஒருதரம் ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.

கதை மட்டும் பீலிக்கரையில் வேறு மாதிரி ஓடியது. கணேசமூர்த்தி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நின்றிருக்கும். ஆட்டைக் கட்டின கட்டையைத்தான் ஊரெல்லாம் தேடினேன் என்று எந்த ஆம்பளை சொல்வான்? எனக்கு அது புரிகிறது. புரிந்தாலும் கோபம் போகவில்லை. ஆகவேதான் நான் சொல்கிறேன்.

வைகாசி வந்தது. அவள் புறப்படுவதற்கு முந்தின நாள் காலையில் பிடித்த மழை இருட்டும்வரை விடவில்லை. அன்றைக்கு அவள் பையில் ஒரு துணியைக்கூட எடுத்து வைக்கவில்லை.

விடிந்ததும் பின்கதவைத் திறந்து கானுக்குப் போனாள். நானும் போனேன். கான் நிறைய தண்ணீர் ஓடியது. அவள் கையைக் குவித்து அள்ளினாள். உள்ளங்கை ரேகை தெரிந்தது. ஒரு துளி சேறு இல்லை. மேடு பச்சையாக, நனைந்த முடி மாதிரிப் புல் படிந்து, நின்ற இடத்தில் நின்றது. அவள் தண்ணீரைக் கீழே விட்டுவிட்டு உள்ளே போய்ப் பையை எடுத்தாள். மாத்திரைகளைக் காட்டினாள். பிள்ளைகளுக்குத் தலைசீவினாள்.

அப்போது மேலே ஆடு கத்தியது. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். ஆடு கொய்யா மரத்தில் கட்டியிருந்தது. முள்முருங்கையின் மொட்டைத் தலையில் புதுச் சிவப்புப் பெயிண்டு பளபளத்தது. கணேசமூர்த்தி டின்னைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் பார்க்காமல் நின்றான்.

“அண்ணே, மிச்சம் இருந்தா எங்க கதவுக்கும் கொஞ்சம் தாங்க,” என்றாள் தனுஜா.

“நீ போயிட்டு வா, அடிச்சு வைக்கிறேன்,” என்றான் அவன்.

அவள் என் காலைத் தொட்டாள். முன்கதவைத் திறந்தாள். பஸ் ரோட்டுக்கு இறங்க எங்கள் வாசலிலிருந்து இரண்டு வழி. ஒன்று தேயிலைக்கு நடுவே யார் கண்ணிலும் படாமல் போகும். இன்னொன்று பீலிக்கரை வழியாகப் போகும். அந்த நேரத்துக்குப் பீலியில் குடங்கள் வரிசையாக இருக்கும்.

படியைத் தாண்டினவள் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பீலிக்கரை வழியாகத்தான் நடந்து போனாள்.